ஜரிகை ஏறுது... கூலி?

அக்கா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க காஞ்சிபுரம் காந்தி ரோடு போயிருக்கீங்களா பாஸ்? விலையைக் கேட்டதும் அப்பா முகம் போற போக்கைப் பார்க்கணுமே! "தங்கம் ஏறிடுச்சு சார்" என்பார் கடைக்காரர். பொய்யில்லை. பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசினதுதான் அசல் ஜரிகை. 2005-ல் 10 கிராம் தங்கம் சுமார் 7,000 ரூபாய். 2025-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

சரி, பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறாரே, அவரோட ரேட்? மாசச் சம்பளம் கிடையாது. புடவைக்கு இவ்வளவுன்னு கூலி. தங்கம் தினமும் ஏறும். கூலி ஏற பேச்சுவார்த்தை நடக்கணும். விலை எகிறினா புடவை விக்காது, அடுத்த பாவு லேட்டாகும். பாவு இல்லாத நாளில் கூலியும் இல்லை. ஆனா வீட்டில் அடுப்பு எரிஞ்சாகணுமே!

உடலையும் கரையையும் வேற வேற நிறத்தில் இணைக்கும் கோர்வைக்கு ரெண்டு ஆள் வேணும். அதே கூலியில் ரெண்டு பங்கு! பசங்க ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ் ஏறிடறாங்க. மாசம் பொறந்தா சம்பளம், பி.எஃப். வேற. யாரைக் குத்தம் சொல்ல?

அடுத்த தடவை கடையில் கேட்டுப் பாருங்க... "இதுல நெய்தவருக்கு எவ்வளவுங்க?"