உங்களுக்குத் தெரியுமா? பத்தாண்டுக்கு ஒரு சுயபரிசோதனை

அமெரிக்க ஒப்பிலக்கியக் கழகம் 1960-இல் தொடங்கப்பட்டது. அதன் ஆண்டு மாநாட்டில் வந்தோம், வாசித்தோம், கிளம்பினோம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஏறக்குறையப் பத்துப் பேர் ஒரே தலைப்பில் கருத்தரங்கமாகச் சேர்ந்து, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கூடுகிறார்கள். முதல் நாள் கட்டுரைமேல் எழுந்த கேள்வியை மறுநாளும் விடாமல் பேசலாம். ஆய்வு மாணவரும் மூத்த பேராசிரியரும் ஒரே மேசையில். மாநாடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்!

இன்னொரு நல்ல வழக்கம்: ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை துறையின் நிலையைக் கழகமே அறிக்கையாக்கி எடைபோடும். ஹாரி லெவின் தலைமையில் 1965-இல் வந்த அறிக்கையும், தாமஸ் கிரீன் தலைமையில் 1975-இல் வந்ததும் மூலமொழியில் படிப்பதையே வற்புறுத்தின. 1993-இல் சார்லஸ் பெர்ன்ஹைமர் குழுதான் மொழிபெயர்ப்பின் மீதிருந்த பழைய பகையைத் தளர்த்தச் சொன்னது. ஐரோப்பாவுக்கு அப்பாலும் பார்க்கச் சொன்னது. எதிர்ப்பும் கிளம்பியது. மறுத்தவர்களின் கட்டுரைகளை ஒதுக்காமல், முந்தைய இரண்டு அறிக்கைகளையும் சேர்த்து, எல்லாவற்றையும் 1995-இல் ஒரே நூலாக வெளியிட்டார் பெர்ன்ஹைமர். ஒப்பிலக்கிய மாணவர்கள் முதலில் தேடிப் படிக்க வேண்டிய தொகுப்பு அது.