மேகக் காட்டின் கண்ணாடிக் கரடி

தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் நீண்டு கிடக்கும் ஆண்டிஸ் மலைச் சரிவுகளில், ஆண்டின் பெரும்பகுதி மேகம் மூடிய காடுகள் உள்ளன. இங்கே மழையாய்ப் பொழியும் நீர் ஒருபுறமிருக்க, இலைகளிலும் பாசிகளிலும் படியும் மேகமும் துளித் துளியாய்ச் சொட்டி மண்ணை நனைக்கிறது.

இக்காடுகளில் வாழ்வதுதான் கண்ணாடிக் கரடி. மூக்குக் கண்ணாடி அணிந்ததுபோல் கண்களைச் சுற்றி வெளிர் மஞ்சள் வளையங்கள் இருப்பதால் இப்பெயர் பெற்றது. நம் கைரேகையைப் போன்று இவ்வடையாளமும் கரடிக்குக் கரடி வேறுபடும். தென் அமெரிக்காவின் ஒரே கரடியினம் இதுவே. வெனிசுவேலா முதல் பொலிவியா வரையிலான மலைகளில் இது காணப்படுகிறது.

கரடி என்றதும் நாம் அஞ்சுகிறோம். இதுவோ பெரும்பாலும் பழங்களையும், மரக்கிளைகளில் வளரும் அன்னாசிக் குடும்பச் செடிகளின் குருத்தையும் தின்று வாழ்கிறது. தின்ற பழங்களின் விதைகளை நெடுந்தூரம் கொண்டு சென்று பரப்புகிறது. காட்டில் உண்டு, காட்டையே வளர்க்கும் உயிர் இது.

ஆபத்து எங்கிருந்து?

மேய்ச்சலுக்காகவும் பயிர்த் தொழிலுக்காகவும் காடு வெட்டப்படுகிறது. சாலைகள் அதைத் துண்டாடுகின்றன. உணவு குறைந்த கரடி மக்காச்சோள வயலுக்குள் இறங்குகிறது. சில வேளை மாட்டையும் தாக்குகிறது. தானாய் இறந்த மாட்டைத் தின்ன வந்து, கொன்ற பழியைச் சுமப்பதும் உண்டு. ஒரே பசுவை நம்பி வாழும் ஏழை விவசாயி துப்பாக்கியை எடுக்கிறார். அவர் துயரத்தைத் துடைக்காமல் சட்டம் மட்டும் போட்டுக் கரடியைக் காக்க இயலாது. மாடுகள் காட்டுக்குள் செல்லாதவாறு வேலியிடவும், வீட்டருகே தீவனம் வளர்க்கவும் உதவுவதே பயன் தரும் வழி.

நாட்டு மருந்துக்கென இதன் கொழுப்பையும் பித்தப்பையையும் நாடுவோரும் உள்ளனர். புவி வெப்பம் உயர உயர மேகம் படியும் உயரமும் மேலே செல்கிறது. கரடியும் மேலே ஏறலாம். ஆனால் மலைக்கும் ஓர் உச்சி உண்டு அல்லவா? உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துள்ளது.

தண்ணீரின் கதை

எங்கோ வாழும் கரடிக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவைப் பாருங்கள். அந்நகரின் குடிநீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு, இக்கரடிகள் உலவும் சிங்காசா மலைப்பகுதியிலிருந்து வருகிறது. மழை குறைந்து அங்குள்ள நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, 2024 ஏப்ரல் முதல் ஓராண்டுக் காலம் பொகோட்டாவில் பகுதிவாரியாக முறைவைத்துக் குடிநீர் நிறுத்தப்பட்டது. குழாயைத் திறந்து ஏமாந்த இல்லத்தரசிகளுக்கு மலையின் அருமை அப்போது புரிந்திருக்கும்.

கரடி உலவப் பரந்த காடு தேவை. அக்காட்டை விட்டுவைத்தால், மேகத்தைப் பிடித்து ஓடைகளுக்கு அனுப்பும் மரங்களும் நிற்கும். கரடிக்கு நாம் விட்டுக்கொடுக்கும் இடம், நம் பிள்ளைகளின் தண்ணீருக்காக நாம் ஒதுக்கிவைக்கும் இடமே ஆகும்.