மூன்றாம் இலை வரட்டும்

அயர்லாந்தின் பால் பண்ணைகளில் பசுக்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் கன்று ஈனும்படி பார்த்துக்கொள்கிறார்கள். கறவை ஏற ஏறப் புல்லும் கூடவே ஏறவேண்டும் என்பது கணக்கு. அங்கே வயலில் நிற்கும் பச்சைப்புல்லைவிட மலிவான தீவனம் கிடையாது.

அந்தப் புல் பெரும்பாலும் ரைகிராஸ். மண்ணின் வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் வளரும். டிசம்பரில் ஏறக்குறைய நின்றுபோகிற வளர்ச்சி, மே மாதத்தில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 80 கிலோவைத் தொடும். ஈரம் நீக்கிய எடையில் சொல்கிறேன். அதே எடையில் ஒரு கறவைப்பசு நாளொன்றுக்குத் தின்பது 16 முதல் 18 கிலோ. ஏப்ரல் வாக்கில் ஒருநாள் வளர்ச்சி மந்தையின் பசியை எட்டிப் பிடிக்கும். விவசாயிகள் அதை 'மந்திர நாள்' என்கிறார்கள். அதுவரை இருக்கிற புல்லை அளந்து அளந்துதான் மேயவிட வேண்டும்.

எப்போது மேயவிடுவது? இலையை எண்ணிப் பார்க்கவேண்டும். ரைகிராஸின் ஒவ்வொரு தூரிலும் ஒரே சமயத்தில் மூன்று இலைகள்தான் உயிரோடு இருக்கும். நான்காவது விரிந்தால் முதலாவது காய்ந்து மடியும். மாடு கடித்த பிறகு வரும் முதல் இலை, தாளின் அடியில் சேர்த்துவைத்த சர்க்கரையைச் செலவழித்தே வெளிவருகிறது. இரண்டாவது விரிந்த பின்புதான் கையிருப்பு மறுபடி நிரம்பத் தொடங்கும். அதற்குள் மாடு வாய் வைத்தால் கடன்மேல் கடன். மூன்றாவதுக்கு மேலும் விட்டுவைத்தாலோ அடிப்புல் வீணாகும். மே கடைசியில் கதிர் தள்ளித் தண்டு முற்றினால் செரிப்பதும் குறையும். அதனால் மின்வேலியை நகர்த்தி நகர்த்தித் துண்டு துண்டாக மேய்த்து, புல் 4 சென்டிமீட்டருக்கு இறங்கியதும் மாடுகளை அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுகிறார்கள்.

நார்மண்டியில் பண்ணை வைத்திருந்த ஆந்த்ரே வுவாசன் 1957இல் எழுதிய நூலில் வலியுறுத்தியதும் புல்லுக்குத் தரும் இந்த ஓய்வைத்தான். எத்தனை மாடு மேய்ந்தது என்பதைவிட எத்தனை நாள் மேய்ந்தது, எத்தனை நாளில் திரும்பி வந்தது என்பதே அவருக்கு முக்கியம். வசந்தத்தில் இடைவெளி குறைவு, கோடை முதிர முதிரக் கூடுதல்.

இளம்புல்லில் ஓர் ஆபத்தும் உண்டு. அதில் பொட்டாசியம் மிகுதி, மக்னீசியம் குறைவு. போதாததற்கு, இருக்கிற மக்னீசியத்தை உடல் உறிஞ்சவிடாமல் பொட்டாசியம் தடுக்கும். கன்று ஈன்ற பசு பாலோடும் மக்னீசியத்தை இழக்கிறது. நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு, சில மணி நேரத்தில் சாவு. பார்க்கக் கொழுகொழுவென்றிருக்கும் பசுவும் விழுந்துவிடும். எனவே அடர்தீவனத்திலோ குடிநீரிலோ மக்னீசியம் கலக்கிறார்கள். நியூசிலாந்தில் மேயும் புல்மீதே பொடியாகத் தூவுவதும் வழக்கம். எலும்பில் இருக்கும் மக்னீசியத்தைத் தேவைக்கு உடனே எடுத்துக்கொள்ளப் பசுவால் முடியாது. ஆகவே ஒருநாள்கூட விடாமல் தரவேண்டும்.