ஐந்து ஊர்களும் ஆறாவது நிறுத்தமும்

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் கீழப்பழுவூர், திருமானூர், திருவையாறு எனப் பெரிய ஊர்கள் வரும். இரு முனைகளையும் சேர்த்து ஐந்து பெயர்களைக் கணினி நிரலில் வரிசையாக அடுக்கினால் அதுதான் அணி எனப்படும் அரே. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்: அரியலூர் 0, கீழப்பழுவூர் 1, தஞ்சாவூர் 4. எண் 5-இல் ஊரே இல்லை. அதைக் கேட்டால்?

தமிழக மேல்நிலைப் பாடத்தில் கணினி அறிவியல் மாணவர்கள் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸும் பிளஸ் டூவில் பைத்தானும் படிக்கிறார்கள். இந்த இரண்டும் தரும் பதில் வேறு வேறு. சி பிளஸ் பிளஸின் சாதாரண அரே எல்லையைப் பார்ப்பதில்லை. பக்கத்து நினைவகத்தில் கிடக்கும் குப்பையை எடுத்து நீட்டலாம், நிரல் கவிழவும் செய்யலாம். பைத்தானோ 'இண்டெக்ஸ் எரர்' என்று அங்கேயே நிறுத்திவிடும்.

துண்டு கேட்டால் மட்டும் பைத்தான் தாராளமாகிவிடும். ஊர்கள்[1:3] என்றால் கீழப்பழுவூரும் திருமானூரும் வரும், 3 சேராது. ஊர்கள்[3:10] என்று ஏழு ஊர்களைக் கேளுங்கள். திருவையாறு, தஞ்சாவூர் இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு, மீதி ஐந்து எங்கே என்பதைப் பற்றி மூச்சுவிடாது. இதைப் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். பிழைச்செய்தி வரவில்லை என்பதற்காக விடை சரியென்று ஆகிவிடாதே! கழித்தல் எண் இன்னும் வில்லங்கம். கணக்குப் பிசகி −1 வந்தால் பைத்தான் கடைசியிலிருந்து எண்ணும். அரியலூருக்கு முந்தைய ஊர் தஞ்சாவூர் என்று சொல்லும்.

எல்லை தாண்டுவதன் விலையை உலகம் 2024 ஜூலை 19 அன்று பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய புதுப்பிப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்ததோ 20. இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போனதும் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம் கணினிகள். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நிறுவனம் பிறகு சேர்த்த திருத்தங்களில் ஒன்று எல்லைச் சோதனை. பிளஸ் டூ மாணவருக்கு அது ஒரு வரி வேலை: வெட்டுவதற்கு முன் 'லென்' கொண்டு நீளத்தைப் பார்ப்பது, தொடக்க எண் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை என்று உறுதி செய்வது. நீளம் போதாவிட்டால் இருப்பதைக் கொடுப்பதா, நிறுத்திச் சொல்வதா என்பதை நிரல் எழுதுபவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பேருந்து நிறுத்தப் பட்டியலுக்கு முதலாவது போதும். தேர்வு மதிப்பெண் பட்டியலுக்கு இரண்டாவதுதான் சரி.