இரண்டு ஆக்சைடுகள் சந்திக்கும் எல்லையில்...

பாளையம்பட்டியில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் பலர் வருகின்றனர். "படித்தது வீணாகிவிட்டது சார், இனி கம்ப்யூட்டராவது கற்றுக் கொள்கிறோம்" என்கின்றனர். கம்ப்யூட்டருக்குள் நடப்பதே இயற்பியல்தான் என்று அவர்களுக்கு நான் காட்டும் உதாரணத்தை இங்கு காணலாம்.

ஆக்சைடு என்றால் என்ன?

ஆக்சிஜனுடன் இன்னொரு தனிமம் சேர்ந்தால் கிடைப்பது ஆக்சைடு. இரும்பில் பிடிக்கும் துரு ஓர் ஆக்சைடு. மணலில் பெரும்பங்கு சிலிக்கன் ஆக்சைடு. பல ஆக்சைடுகளில் மின்சாரம் பாயாது. ஆனால் அவை வேறொரு பொருளைத் தொடும் எல்லையில் கதையே மாறிவிடுகிறது.

உங்கள் ஹார்ட் டிஸ்க்கில்

சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க்கில், தகவலைப் படிக்கும் ஹெட்டில் இரண்டு காந்த அடுக்குகள் உள்ளன. நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு. தடிமன் சுமார் 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் எலக்ட்ரான்கள் அதை ஊடுருவுகின்றன. இரு அடுக்குகளின் காந்தத் திசையும் ஒன்றானால் மின்தடை குறையும், எதிரெதிரானால் கூடும். இந்த மாற்றத்தைக் கொண்டே 0, 1 என்று தகவல் படிக்கப்படுகிறது. 2004-ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பார்க்கின் குழுவும், ஜப்பானில் ஷின்ஜி யுவாசா குழுவும் அறை வெப்பநிலையில் சுமார் 200 சதவீத மாற்றத்தைக் காட்டின. எல்லையில் அணுக்கள் ஒழுங்காக வரிசைப்பட்டிருந்ததே காரணம்.

ஹெட், தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. எனவே ஓடும்போது சி.பி.யூ.வை நகர்த்தாதீர்கள். முக்கிய பைல்களுக்கு வேறிடத்தில் ஒரு காப்பி வைத்திருங்கள்.

அடுத்த அதிசயம்

லாந்தனம் அலுமினேட், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் இரண்டும் மின்சாரம் கடத்தாத ஆக்சைடுகள். ஒன்றின் மேல் ஒன்றைப் படிய வைத்தால் எல்லையில் மின்சாரம் பாய்கிறது! 2004-ல் ஓட்டோமோ, ஹுவாங் இருவரும் இதை வெளியிட்டனர். மேலே 3 அடுக்கு வரை ஒன்றுமில்லை. 4 ஆனால் பாய்கிறது என்று 2006-ல் தெரிந்தது. 2007-ல் அதே எல்லையில் காந்தத் தன்மையும், கடுங்குளிரில் மின்தடையே இல்லாத நிலையும் கண்டறியப்பட்டன.

இப்படி ஆக்சைடை லேசரால் ஆவியாக்கிப் படிய வைக்கும் முறையை 1987-ல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் வளர்த்தவர்களில் முக்கியமானவர், நம் ஐ.ஐ.டி.யில் படித்த டி.வெங்கடேசன். அவர் இடம்பெற்ற சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு, மின்சாரம் கடத்தும் பகுதியும் காந்தப் பகுதியும் அந்த எல்லையில் தனித்தனியாகப் பிரிந்திருப்பதை 2011-ல் தெரிவித்தது.

இந்த எல்லையை வைத்துச் செய்த கம்ப்யூட்டர் கடைக்கு வரவில்லை. அங்கே எலக்ட்ரான்கள் எப்படி வந்து சேர்கின்றன என்ற விவாதமும் முடியவில்லை. உங்கள் வீட்டில் இயற்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். விடை காண வேண்டியவர்கள் அவர்கள்தான்.