பழைய சீ.டி. பிளேயர் வியாபாரத்தில் இலாபம் எங்கிருந்து வருகிறது?

வெருகல் கங்கையைப் பாதையில் ஏறிக் கடந்த காலத்தில் நான் மூதூரிலிருந்து அந்தப் பக்கம் போனது நெல்லுக்கும் கச்சானுக்கும்தான். யுத்தம் முடிந்து, பாலமும் வந்த பிறகு பழைய சாமான் வாங்கப் போகத் தொடங்கினேன். இரும்பு, பித்தளை, பழுதான மோட்டார் இவைதான். கடந்த சில வருடங்களாக இன்னொன்றையும் கேட்டு வாங்குகிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதி, குவைத், கட்டார் போனவர்கள் கொண்டுவந்த சீ.டி. பிளேயர், அம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டிகள்.

"இதையெல்லாம் யார் வாங்குவது, காக்கா?" என்று சக வியாபாரிகள் சிரிக்கிறார்கள். வாங்குகிறார்கள். கொழும்பிலும் கண்டியிலும் இதைச் சேர்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உண்டு. டொக்டர், வங்கி முகாமையாளர், இப்போது இருபத்தைந்து வயது வாலிபர்களும். 2020 ஏப்ரலில் பல பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனதும் புதிய செட்டின் விலையைத் தூக்கிவிட்டன. அதோடு பழையதும் தூக்கியது. ஆனால் சேர்ப்பவர் விலைக்காக மட்டும் வாங்குவதில்லை. கனமான தகட்டுப் பெட்டி, அமுக்கினால் 'டக்' என்று உட்காரும் பொத்தான், இவற்றில் அவருக்கு ஓர் இன்பம் இருக்கிறது. அதைப் புரியாதவர் இந்தச் சாமானில் கைவைக்கக் கூடாது.

இசை கூடுமா கூடாதா என்பது உலமாக்களின் விடயம், நான் அதற்குள் போகவில்லை. எங்கள் வீட்டில் செட் வாங்கியது காரீ அப்துல் பாஸித்தின் கிராஅத் கேட்பதற்காக. வாப்பா சுபஹுக்குப் பின் போடுவார், தெருவே கேட்கும்.

சாமானுக்கு வருவோம். முதலாவது சீ.டி. பிளேயர் 1982 ஒக்டோபர் முதலாம் திகதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சோனியின் சீ.டி.பி. 101. விலை 168,000 யென். சீ.டி.யை சோனியுடன் கூட்டாக உருவாக்கிய பிலிப்ஸ், தன் செட்டை அதன் பின்னர் இறக்கியது. இறுவட்டின் அகலம் 12 சென்ரிமீற்றர். கிராமபோன் தட்டைப் போல வெளியிலிருந்து உள்ளே அல்ல, உள்ளிருந்து வெளியே வாசிக்கப்படும். தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்புக்குப் போகும்போது சுமார் 200. வாசிப்பது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. அந்த லேசர் 'ஹெட்'தான் செட்டின் உயிர். செட்டின் விலையும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

பிலிப்ஸ், மராண்ட்ஸ் செட்டுகள் பலவற்றில் ஹெட் ஊஞ்சல் போல ஒரு கையில் ஆடி வாசிக்கும். எண்பதுகளில் அந்தப் பொறி வார்ப்பு உலோகத்தில் வந்தது, பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறியது. சேர்ப்பவர் உலோகத்தைத்தான் கேட்பார். அடுத்ததாக மூடியைக் கழற்றி 'டீ.டி.ஏ. 1541' என்ற சிப் இருக்கிறதா என்று பார்ப்பார். அதிலே தேர்ந்தெடுத்த ரகத்துக்குக் கிரீடச் சின்னம் அச்சிட்டிருக்கும், அதற்குத் தனி விலை. ஆகவே கிரீடம் அச்சிட்ட போலிச் சிப்பும் உலகச் சந்தையில் உலாவுகிறது என்பதை நினைவில் வையுங்கள். சோனி வகைகளில் ஹெட் தண்டவாளத்தில் ஓடும். அதற்குரிய கே.எஸ்.எஸ். 213 போன்ற ஹெட்டுகள், அசலோ நகலோ, இன்றும் கிடைக்கின்றன. உதிரிப்பாகம் கிடைக்கும் செட்டில் பணத்தைப் போடுவது புத்தி.

வாங்குமுன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். தட்டு வெளியே வராவிட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் றப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சில நூறு ரூபாக் காரியம். தண்டவாளத்தில் பூசிய கிறீஸ் முப்பது வருடத்தில் பசையாகி இறுகும், துடைத்துப் புதிதாகப் பூசினால் சரி. லென்ஸில் தூசி என்றால் சுத்தமான அற்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும், சாரன் நுனியால் துடைக்கும் நண்பர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். எங்கள் கரையோரத்தில் உப்புக்காற்றுத்தான் பெரிய எதிரி. பின்பக்கத்து இணைப்புகள் பச்சை பூத்திருந்தால் உள்ளேயும் பூத்திருக்கும்.

சோதிக்க, எழுபது நிமிடத்துக்குக் கிட்ட நிறைந்த இறுவட்டைப் போட்டுக் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். தட்டின் நெளிவும் பொறியின் இறுக்கமும் விளிம்பில்தான் தெரியும். கணினியில் பதிந்த சீ.டி.ஆர். ஒன்றும் போட்டுப் பாருங்கள். அது ஒளியைக் குறைவாகத் திருப்பும், களைத்த லேசர் தடுமாறும். ஆனால் எண்பதுகளின் சில செட்டுகள் லேசர் நல்லதாக இருந்தாலும் சீ.டி.ஆரை ஏற்காது, அதை வைத்து மட்டும் விலையைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிலிருந்து நேரே வந்த செட் 100 வோல்ட். நமது 230இல் செருகினால் டிரான்ஸ்போமர் எரியும். சவூதியில் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் இருந்தபடியால் வளைகுடாவுக்குச் செய்த செட்டுகள் பலவற்றின் பின்னால் வோல்ட் மாற்றும் திருகி உண்டு. முதலில் அதைப் பாருங்கள். அடிப்பக்கத்தில் போக்குவரத்துத் திருகாணி இருந்தால் லொறியில் ஏற்றுமுன் முறுக்குங்கள், இறக்கிய பின் தளர்த்துங்கள். தளர்த்த மறந்து 'பழுது' என்று நான் அரை விலைக்குக் கொடுத்த செட் ஒன்று உண்டு. வாங்கியவர் சிரித்துக்கொண்டே போன காரணம் பிறகுதான் விளங்கியது.

இனி முக்கியமான விடயம். லேசர் களைத்த செட்டைப் பாட வைக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஹெட்டின் பக்கத்தில் கடுகளவு திருகி ஒன்று உண்டு. அதைச் சற்றுத் திருப்பினால் லேசருக்கு மின்சாரம் கூடும், செட் புதிது போலப் பாடும். சாகப்போகும் லேசர் அதனால் இன்னும் வேகமாகச் சாகும். சில வாரமோ, சில மாதமோ. விற்பவர் கையில் காசு வந்துவிடும். ஆரம்பத்தில் எனக்கு இப்படி ஒரு செட் தலையில் கட்டப்பட்டது. திருத்தியவர் அந்தத் திருகியைத் தொட்டதைச் சொல்லவில்லை. நானும் தெரியாமல் இன்னொருவருக்கு விற்று, காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் பட்ட சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். அப்படியானால் அதை மேலே, மக்கள் காண வைத்திருக்க வேண்டும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். திருப்பிய திருகி அந்த ஈரத் தானியம்தான். மறைத்த குறை பின்னர் தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. 'கியாருல் அய்ப்' என்று பிக்ஹ் நூல்களில் தனிப்பாடமே இருக்கிறது. "பார்த்துத்தானே வாங்கினீர்" என்று சொல்லித் தப்ப முடியாது. லேசரைப் பார்த்து வாங்க யாரால் முடியும்?

இது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். விற்கும் ஏழைக்குச் செய்யும் அநியாயத்தை நாம் பேசுவதே இல்லை. அதை நானே செய்தேன்.

2023இல் வெருகலில் ஒரு வீட்டில் பழைய இரும்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா சாக்கில் சுற்றிய பிலிப்ஸ் சீ.டி. பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கணவர் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. மட்டக்களப்பில் மகள் வீட்டில் கிடந்ததால் சுனாமிக்கும் 2006 இடம்பெயர்வுக்கும் தப்பியிருக்கிறது. கணவர் இப்போது இல்லை. "இதுக்கும் ஏதாவது தாங்க தம்பி" என்றார். 1,500 ரூபா கொடுத்தேன். சந்தோசமாக வாங்கிக்கொண்டார்.

கடையில் திறந்து பார்த்தால் உலோகப் பொறி, டீ.டி.ஏ. 1541. பெல்ட்டும் கிறீஸும் மாற்றினேன். கொழும்பில் ஒருவர் 45,000 ரூபாவுக்கு எடுத்தார். அன்றிரவு கணக்குப் புத்தகத்தில் எழுதும்போது கை ஓடவில்லை.

சந்தை விலை தெரியாமல் வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே போய் எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கினால், விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் விற்பனையை முறிக்கும் உரிமை பெறுகிறார். நான் லொறி எடுத்துக்கொண்டு வெருகலுக்குப் போவது வேறென்ன? அந்த அம்மா கொழும்புச் சந்தைக்கு ஒருநாளும் வரப்போவதில்லை. அதனால் அவரின் உரிமை இல்லாமல் போய்விடுமா?

என் உழைப்பு, உதிரிப்பாகம், போக்குவரத்து, விலைபோகாமல் கிடக்கும் செட்டுகளின் நட்டம் எல்லாவற்றையும் எழுதிக் கழித்தேன். மார்க்க அறிவுள்ள ஒரு மௌலவியிடமும் கேட்டேன். 18,000 ரூபாவை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா முதலில் பயந்துவிட்டார், செட் பழுது என்று காசைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். விளக்கிச் சொன்னதும் சற்று நேரம் பேசவில்லை.

அதன் பிறகு நான் வீட்டில் விலை பேசும்போது இரண்டு தொகை சொல்கிறேன். இப்போதே கையில் இவ்வளவு, அல்லது விற்ற பின் செலவு போக இவ்வளவு பங்கு. அனேகர் முதலாவதையே எடுக்கிறார்கள். ஆனால் தெரிந்துகொண்டு எடுக்கிறார்கள். விற்கும்போது பற்றுச்சீட்டில் ஹெட் மாற்றியதா, பழையதா, திருகி தொட்டதா என்று எழுதி, ஒரு மாதம் திருப்பும் தவணையும் போடுகிறேன். இலாபம் குறைந்தது உண்மை. கொழும்புக்காரர்கள் இப்போது சாமானைப் பார்க்காமலே தொலைபேசியில் எடுக்கிறார்கள் என்பதும் உண்மை.

அந்தச் செட்டின் தட்டுக்குள் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல் இறுவட்டு ஒன்று கிடந்தது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் போட்டுக் கேட்க இனி வீட்டில் ஒன்றுமில்லை என்றார். கடையில் கிடந்த சிறிய ரேடியோ கசட் சீ.டி. செட் ஒன்றை, லேசர் கொஞ்சம் களைத்தது என்று சொல்லியே கொடுத்திருக்கிறேன். அதற்கு கே.எஸ்.எஸ். 213 பொருந்தும், கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறேன்.