ஆனை கூடிட்டா?

போன பெரும்போகத்தில், வேளாண்மை குடலையில் நின்ற நேரம், எங்கள் வட்டையில் ஒரே இரவில் மூன்று ஏக்கர் போனது. மறுநாள் சுபஹுக்குப் பின் பள்ளிவாசலில் அதே பேச்சுத்தான். "ஆனை கூடிட்டு. முந்தி வருசத்துக்கு ஒண்டு ரெண்டு வரும். இப்ப கிழமைக்கு மூணு தரம் வருது" என்றார் பக்கத்துக் காணிக்காரர். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். என் மூத்தாப்பா காவல் பரணில் இருந்து சூறதுல் ஃபீல் ஓதிக்கொண்டு இராவைக் கழித்தவர். அவர் காலத்திலும் ஆனை வந்ததுதான். ஆனாலும் இப்படி இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஒரு விலங்கு நம் கண்ணில் அதிகம் படுவதும் அது எண்ணிக்கையில் பெருகுவதும் ஒன்றுதானா?

மாட்டுப்பட்டி வைத்திருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டியில் மாடு கூடினால் கன்று ஈன்றிருக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்க வேண்டும். குறைந்தால் செத்திருக்க வேண்டும், அல்லது போயிருக்க வேண்டும். காட்டு விலங்குக்கும் இந்த நாலு கணக்குத்தான். பிறப்பையும் இறப்பையும் பெரும்பாலும் தீர்மானிப்பது வாழிடத்தின் தரம், அதாவது தீன், தண்ணீர், ஒதுங்க நிழல், ஆபத்தின் அளவு. வரவையும் போக்கையும் தீர்மானிப்பது இடம்பெயர்வு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். ஓரிடத்தில் விலங்குகள் நெருக்கமாக இருப்பதை வைத்து அது நல்ல வாழிடம் என்று முடிவுகட்ட முடியாது என்று பியட்றிஸ் வான் ஹோர்ன் 1983இல் எழுதினார். 1988இல் ரொனால்ட் புல்லியம் அதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார். சில இடங்களில் இறப்பைவிடப் பிறப்பு அதிகம்; மிஞ்சுபவை வெளியேறுகின்றன. சில இடங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகம். ஆனாலும் வெளியிலிருந்து வந்து சேர்வதால் அங்கே விலங்கு ஓயாமல் காணப்படும். நம் பாஷையில் சொன்னால் ஒன்று குளம், மற்றது வடிச்சல். வடிச்சலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நீர்வளம் பெருகிவிட்டது என்று எந்தப் போடியாரும் சொல்லமாட்டார். குளம் வற்றினால் வடிச்சலும் வற்றும்.

லாகுகலையை எடுத்துக்கொள்வோம். பொத்துவிலில் இருந்து மொனராகலைக்குப் போகும் வழியில் இருக்கும் இந்தத் தேசிய பூங்காவின் பரப்பு 1,554 ஹெக்டேயர் மட்டுமே. வரட்சிக் காலத்தில் குளத்து நீர் இறங்க, புல்லைத் தேடி யானைகள் கூட்டமாக வரும். அந்தக் காட்சியைப் பார்த்தவர் "இந்தச் சின்னக் காட்டுக்குள்ள இவ்வளவா?" என்றுதான் கேட்பார். ஆனால் அவை அந்தக் காட்டுக்குரியவை மட்டுமல்ல. ஒரு யானை நடமாடும் பரப்பு அந்தப் பூங்காவைவிடப் பல மடங்கு பெரிது. லாகுகலை அவற்றுக்கு வருடத்தில் சில மாதத்துச் சாப்பாட்டு மேசை. வீடு அதைவிடப் பெரியது.

வடிச்சலிலும் மோசமான ஒரு வகை உண்டு. விலங்கு தானாக விரும்பிப் போகும். போன இடம் அதைக் கொல்லும். சூழலியலில் இதைப் பொறி என்பார்கள். அம்பாறைக்கு அருகே பள்ளக்காட்டுக் குப்பைமேடு அதற்கு நம் கண்முன்னே உள்ள சாட்சி. சுற்றூர்களின் கழிவைத் தின்ன வந்து, வயிறு முழுக்கப் பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் அடைத்து, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அங்கே நின்ற மந்தையை எண்ணியிருந்தால் நல்ல வாழிடம் என்றே எழுதியிருப்போம்.

நல்ல வாழிடம் எது என்பதிலும் நமக்கு ஒரு பிழையான நினைப்பு இருக்கிறது. அடர்ந்த காடுதான் யானைக்குச் சுகம் என்று நானும் நம்பியிருந்தேன். முதிர்ந்த உலர்வலயக் காட்டில் மரம் உயர்ந்து நிற்கும். துதிக்கைக்கு எட்டும் தீன் குறைவு. யானைக்குத் தோதானது பற்றைக்காடு, குளத்துப் புல்வெளி, சேனை கைவிட்ட நிலம். அக்காலத்துச் சேனைக்காரர் மாரியில் பயிர்செய்து அறுவடையோடு போய்விடுவார். கோடையில் அதே நிலத்தில் ஆனை மேயும். ஒரே காணி, இரண்டு குடித்தனம். நிரந்தரக் குடியிருப்பும் இருபோக வேளாண்மையும் வந்தபோது இந்த முறைவைப்பு முறிந்தது. மின்னேரியாவில் வேறு விதமான முறிவு: வரட்சியிலும் குளத்தில் நீர் உயர்ந்து நிற்க, யானைகள் கூடும் புல்வெளி தண்ணீருக்குள் போகிறது.

இனி இடம்பெயர்வு. பெண் யானை பிறந்த குடும்பத்தோடேயே வாழும். ஆண் குட்டி பத்துப் பதினைந்து வயதில் தாயின் கூட்டத்தை விட்டுப் பிரியும். நெருங்கிய உறவுக்குள் இனச்சேர்க்கை நடக்காமல் இருப்பது இந்தப் பிரிவால்தான். நம் வட்டைக்குள் இறங்கும் தனியன்களில் பெரும்பாலானவை இந்த ஆண்களே. அதைப் பிடித்துத் தூரத்துப் பூங்காவில் விட்டால் தொல்லை தீரும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளுக்குச் செய்மதிப் பட்டி பூட்டி, பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் குழுவினரும் 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சில பழைய இடத்துக்கே திரும்பின, சில ஊரூராக அலைந்தன, சில புதிய இடத்திலே தங்கின. மோதல் குறையவில்லை, புதிய ஊர்களுக்குப் பரவியது. யானைகளின் சாவும் கூடியது.

பூங்காவுக்குள் மொத்தமாக விரட்டி மின்வேலி போட்டாலோ? உள்ளே ஏற்கெனவே இருக்கும் யானைகளுக்கே தீன் அளவாகத்தான் இருக்கும். மெலிந்த தாய்க்குப் பால் வற்றும், குட்டி சாகும். சினைக்காலமே ஏறத்தாழ 22 மாதம். நல்ல நிலையிலுள்ள தாய்கூட நாலைந்து வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும்.

இப்போது பள்ளிவாசல் கேள்விக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 5,879 யானைகள். அண்மைய சில ஆண்டுகளில் வருடத்துக்கு 400க்கு மேல் செத்திருக்கின்றன. துப்பாக்கி, மின்சாரம், ரயில், வாய்க்குள் வெடிக்கும் ஹக்கபட்டாஸ். மனிதரிலும் வருடத்துக்கு நூறு பேருக்கு மேல் மௌத்தாகிறார்கள். 400 என்பது அந்தத் தொகையில் ஏறக்குறைய 7 சதவீதம். எல்லா வசதியும் உள்ள யானைக்கூட்டமே ஆண்டுக்குப் பெருகக்கூடிய உச்சம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உண்மைத் தொகை கணக்கைவிடக் கூடுதலாக இருந்தாலும், பெருக்கம் என்று சொல்ல இடமில்லை. அறுபது வருடம் வாழும் விலங்கு என்பதால் குட்டிகள் குறைந்தாலும் பெரியவை நெடுநாள் கண்ணில் படும். சரிவு நமக்குத் தெரியவே கனகாலம் எடுக்கும்.

அப்படியானால் ஏன் கிழமைக்கு மூன்று தரம்? யானை நடமாடும் நிலம் இலங்கையின் ஏறத்தாழ 60 சதவீதம். அதில் 70 சதவீதத்துக்குக் கிட்ட மனிதரும் குடியிருக்கிறார்கள். அங்கே அடைபட்ட ஒவ்வொரு வழியும் இருக்கிற யானையை மிச்சமிருக்கும் வழிக்குத் தள்ளுகிறது. எங்கள் வட்டை அப்படி மிஞ்சிய ஒரு வழி.

இதை நான் பள்ளிவாசலில் சொன்னபோது காணிக்காரருக்குக் கோபம்தான் வந்தது. "கணக்கு சரி தம்பி. என்ட மூணு ஏக்கர ஆரு தாறது?" அவர் கேட்டதும் நியாயம், நட்டஈட்டுப் படிவத்தோடு அலைந்து சலித்தவர் அவர்.

பெர்னாண்டோவின் தலைமையிலான குழு 2020இல் அரசிடம் கொடுத்த செயற்றிட்டத்தில் அவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. காட்டின் எல்லையில் அல்லாமல் வயலைச் சுற்றியும் ஊரைச் சுற்றியும் மின்வேலி. வயல் வேலியை விதைப்புக்கு முன் போட்டு, அறுவடை முடியக் கழற்றிவிட வேண்டும். காணிக்காரரே பராமரிப்பார். அறுவடைக்குப் பின் வைக்கோலும் தாளும் கிடக்கும் வட்டை கோடையில் மறுபடி ஆனைக்கு. பழைய சேனையின் முறைவைப்புத்தான் இது; கம்பியும் பெற்றரியும் புதிது.

எங்கள் வட்டையில் இரண்டு கூட்டம் போட்டாயிற்று. கம்பத்துக்கும் கம்பிக்கும் ஏக்கர் கணக்கில் காசு சேர்க்கச் சம்மதம். இராவில் பெற்றரியைப் பார்ப்பது யார், வேலியோரம் புல் வெட்டுவது யார், குத்தகைக்காரரா காணிச் சொந்தக்காரரா என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை. மூன்றாவது கூட்டம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.